சிங்காரியிடம் சொல்லியனுப்பியவை

நாமக்கல்லுக்கு வடக்கே எருக்காம்பட்டியில், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலைப் பொழுதில், சிங்காரி என்கிற கோழி நீல எனாமல் பூசி, மேலே தங்கக் கம்பியால் வலை பின்னி, வலையின் முடிச்சுக்கு முடிச்சு வைரம் வைத்த முட்டை ஒன்றை இட்டபோது, பண்ணைக்காரர் பொங்கியண்ணனின் மனைவி பூவாயி முதலில் செய்த காரியம், அதை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்ததுதான். கெட்டுப்போன முட்டையென்றால் மிதக்கும். இது நேராக அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நல்ல முட்டைதான் என்று அவள் எடுத்து, முந்தானையில் துடைத்து, மற்ற முட்டைகளோடு அட்டையில் வைத்தாள். ஆனால் அது குழியில் உட்காரவில்லை, அளவு பெரிதாக இருந்தது. முட்டை ஏற்ற வந்த லாரிக்காரன் அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "சைஸ் ஒத்து வராதுங்கக்கா, வழியில உருண்டுரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

சிங்காரி அந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். முட்டை குறைந்துபோன பழைய கோழிகளை ஒட்டுமொத்தமாகப் பிடித்துக் கறிக்கடை லாரியில் ஏற்றிய ஒருநாள், ஏற்றுகிற ஆளின் கையிலிருந்து நழுவி, பண்ணையைத் தாண்டி, களத்தைத் தாண்டி, சமையலறைக்குள் வந்து அடுப்பு மேடைக்குக் கீழே நின்றுகொண்டு, இனி நான் இங்கேதான் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்த கோழி அது. அந்தச் சமயத்தில் அந்த வீட்டுக்கும் அப்படி ஒரு ஆள் தேவையாக இருந்தது. ஏனென்றால் பூவாயியும் பொங்கியண்ணனும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

மகள் கல்யாணத்தில் வந்த வினை அது. சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்து ஏதோ கேட்க, பொங்கியண்ணன் அத்தனை பேர் முன்னால், "அவளுக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டார் என்பது பூவாயியின் கட்சி. அன்றைக்குச் சாயங்காலமே, மணமக்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள், "இனிமே நான் உங்ககூடப் பேசினா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் ஏன் என்று கேட்க அவள் பேச வேண்டும், அவள் பேசவில்லை, எனவே அவர் கேட்கவுமில்லை. தான் அப்படி என்ன சொன்னோம் என்று யோசித்துப் பார்த்து, ஒன்றும் பிடிபடாமல், முகத்தைத் திருப்பியவளே முதலில் திரும்பட்டும் என்று அவரும் இருந்துவிட்டார். மகளுக்குக் குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் இருவரும் திரும்பவில்லை.

ஆனால் பேசாமல் பண்ணை நடத்த முடியுமா. தீவனம் வர வேண்டும், மோட்டார் போட வேண்டும், மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும், மனிதன் சாப்பிட வேண்டும். ஆகவே இருவரும் சிங்காரியிடம் சொன்னார்கள். "சிங்காரி, தொட்டியில தண்ணியில்லை, மோட்டாரப் போடச் சொல்லு" என்பாள் பூவாயி, அவர் அடுத்த அறையில் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே. "போட்டாச்சுன்னு சொல்லு சிங்காரி" என்பார் அவர். பெல்ட் அறுந்தால் சிங்காரியிடம் சொல்வார்கள், பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று சிங்காரியிடம் கேட்பார்கள், ரசத்தில் புளி தூக்கல் என்பதும் சிங்காரி வழியாகத்தான் போகும். சிங்காரி நடுவில் நின்று தலையை ஒருபுறமும் மறுபுறமும் சாய்த்துக் கேட்டுக்கொள்ளும். ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். விருந்துக்கு வருகிறவர்கள்கூட, "மாமன் எங்கீங்க அத்தை" என்று கேட்காமல், "சிங்காரி எங்கீங்க" என்று கேட்கப் பழகியிருந்தார்கள்.

எனவே முட்டை இட்டது சிங்காரி என்று தெரிந்ததும் ஊர் ரொம்ப நேரம் வியந்துகொண்டிருக்கவில்லை. இத்தனை வருஷம் அந்த வீட்டுப் பேச்சையெல்லாம் வயிற்றில் போட்டுக்கொண்ட கோழி எதையாவது இடத்தானே வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு அவரவர் வேலையின் பக்கமிருந்து முட்டையைப் பார்க்கத் தொடங்கினார்கள். தீவனக் கம்பெனி ஏஜெண்ட் வந்து, சிங்காரி என்ன சாப்பிடுகிறது என்று விசாரித்து, பழைய சோறும் முருங்கைக் கீரையும் என்று தெரிந்து முகம் வாடிப் போனார். டவுனிலிருந்து வந்த நகைக்கடைக்காரர் சுத்த சைவம் என்பதால் முட்டையைத் தொடமாட்டேன் என்று சொல்லி, இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லித் தூர நின்று பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, கல் அத்தனையும் சுத்தம், ஆனால் இன்னும் சூடாக இருக்கிறதே என்றார். வரித்துறை அதிகாரி ஒருவர் வந்தார். முட்டைக்கு வரி இல்லை, நகைக்கு உண்டு, இது முட்டையா நகையா என்று திண்டாடி, மத்தியானம் பூவாயி வீட்டில் சாப்பிட்டு, முட்டை என்றால் எங்கள் பார்வைக்கு வராது, நகை என்றால் கோழி எங்கள் பார்வைக்கு வராது என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

அது என்ன என்று சொன்னவர் ரஷ்யா டாக்டர். கதிரேசன் என்று அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் ரஷ்யாவில் போய் மருத்துவம் படித்துவிட்டு வந்து ஊர் முக்கில் ஆஸ்பத்திரி வைத்த நாளிலிருந்து யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. அவர் முட்டையைக் கையில் வாங்கி மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைப் பாத்திருக்கறனுங்க" என்றார். "அங்க மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வெச்சிருப்பாங்க. அந்தக் காலத்து ரஷ்ய மகாராஜா, ஈஸ்டர் வந்தா ராணியம்மாவுக்கு இந்த மாதிரி முட்டை செஞ்சு குடுப்பாருங்க. உள்ள ஒரு அதிசயம் இருக்கும். தேரு இருக்கும், கப்பல் இருக்கும், பிள்ளைகளோட படம் இருக்கும். என்ன இருக்குதுன்னு செய்யறவங்களுக்குத்தான் தெரியும், ராஜாவுக்கே தெரியாது."

"கோழிக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

டாக்டர் முட்டையைக் கவிழ்த்து அடியில் பார்த்தார். அங்கே பொடிப்பொடியாக ரஷ்ய எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், உதடு அசைய எழுத்துக்கூட்டிப் பார்த்தார். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"முட்டைன்னு போட்டிருக்குதுங்க" என்றார்.

பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அதை அவர் இடுக்கியால் நெம்ப, முட்டை இரண்டாகத் திறந்தது. உள்ளே வெள்ளைப் பட்டு. பட்டின் மேல் விரல் நுனி அளவுக்குத் தங்கத்தில் ஒரு தண்ணீர் மோட்டார். அதன் சக்கரம் சுற்றியது. பெல்ட் அறுந்த இடத்தில் புடவைக் கிழிசலால் போட்ட முடிச்சுகூட அப்படியே, சிவப்புக் கல்லில். அது தன் பழைய சுங்குடிச் சேலையின் கிழிசல் என்று பூவாயிக்கு உடனே தெரிந்தது. முந்தின நாள் சிங்காரியிடம் சொல்லியனுப்பியதும் அதுதான். வீட்டுக்குள் பேசிய பேச்சை யாரோ எடுத்து நடுத்தெருவில் வைரம் வைத்துக் காட்டியதுபோல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு சிங்காரி நினைத்தால் ஒரு முட்டை இட்டது. ஒன்று பச்சை, ஒன்று பாற்சிப்பி நிறம், ஒன்று ராஜா வீட்டுக் கதவு போல உடம்பெல்லாம் கொடி வேலை. திறந்தால் ஒன்றில் குட்டி சிவப்பு கேஸ் சிலிண்டர் இருந்தது. ஒன்றில் முத்து முத்தாக மாத்திரை கோத்த வெள்ளி அட்டை, இரண்டு முத்து மட்டும் காணவில்லை, அந்த இரண்டு நாளும் பொங்கியண்ணன் மாத்திரை போட மறந்திருந்தார். ஒன்றில் பின்சக்கரம் பஞ்சரான மொபெட். "அங்க தேரு வந்துச்சு, இங்க மொபெட்டு வருது" என்று ரஷ்யா டாக்டர் கொஞ்சம் வருத்தப்பட்டார். ஊருக்கு வருத்தமில்லை. காலையில் வேலையெல்லாம் ஒருபக்கம் வைத்துவிட்டு, பத்து மணி வாக்கில் பொங்கியண்ணன் களத்தில் கூடிவிடுவார்கள். இன்றைக்கு மிக்ஸிதான் வரும், நேற்று மிக்ஸி ரிப்பேர் என்று அவள் சொன்னதை நானே கேட்டேன் என்று ஒருத்தி சொல்வாள். மிக்ஸி வரும். ஈஸ்டர் சமயத்தில் டவுன் சர்ச்சிலிருந்து பாதிரியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். உயிர்த்தெழுதலின் அடையாளம் முட்டை என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே திறந்த முட்டையில், அடைத்துக்கொண்ட வாஷ்பேசின் இருந்தது. அவர் ஒரு கணம் தடுமாறி, அடைப்பு நீங்குவதும் உயிர்த்தெழுதல்தான் என்று முடித்தார்.

ஊருக்கு அது அதிசயமாக இருந்தாலும் பொங்கியண்ணன் வீட்டில் வேறு சிக்கலைக் கிளப்பியது. என்ன சொன்னாலும் நாளைக்கு முட்டையில் வரும் என்று தெரிந்த பிறகு இருவரும் வார்த்தையை எடைபோட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். "சிங்காரி, அந்தக் கிழிஞ்ச பனியனை..." என்று ஆரம்பித்துவிட்டு, களத்தில் நாளைக்கு அத்தனை பேர் முன்னால் கிழிந்த பனியன் வரும் என்று நினைத்து, "ஒண்ணுமில்லை" என்று பூவாயி நிறுத்திக்கொள்வாள். மறுநாள் முட்டைக்குள் பட்டு மட்டும் இருக்கும். ஊர் ஏமாந்து போகும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த முட்டை வந்தது. தாழம்பூ நிறம். மேலே ஒரு கல்கூட இல்லை, நெல்மணி நெல்மணியாகத் தங்கப் பொடி தூவியிருந்தது. டாக்டர் இடுக்கியை எடுத்தார், முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், முட்டை திறந்தது.

உள்ளே தந்தத்தில் ஒரு பெண். பண்ணை வாசல் கல்லில் உட்கார்ந்து, தலைக்குக் குளித்த கூந்தலை முதுகில் விரித்துப்போட்டு, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி நுனிக்கு வந்திருந்தது. அரிசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தாள். கூந்தலில் கருப்பும் உண்டு, வெள்ளி இழையும் உண்டு, எந்த இழையையும் மறைக்கவில்லை. முடியை ஒதுக்கிய இடத்தில், புடரியில், கடுகளவுக்குக் கருநீலக் கல்லில் ஒரு மச்சம்.

அந்த மச்சம் இருப்பதை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அது யாருக்குத் தெரிந்திருக்கும் என்பதை மட்டும் எல்லோரும் சேர்ந்தாற்போல் யோசித்து, எல்லோரும் சேர்ந்தாற்போல் பொங்கியண்ணனைப் பார்த்தார்கள். அவர் பண்ணைக் கூரைத் தகட்டில் எங்கோ ஓட்டை இருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவாயிக்குக் காது சுட்டது. தன் மச்சத்தைப் பற்றி அவள் சிங்காரியிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அவளே அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்படியானால், தான் இல்லாத நேரத்தில் இந்த மனுஷன் கோழியோடு உட்கார்ந்து வேறு பேச்சும் பேசியிருக்கிறார். என்ன பேச்சு, எத்தனை நாள் பேச்சு. முட்டையை டாக்டர் கையிலிருந்து வாங்கி, மூடி, மடியில் கட்டிக்கொண்டு, உலையில் அரிசி போடுவதற்காக உள்ளே போனாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

அந்த முட்டை வந்த பிறகு ஊரில் பேச்சு மாறியது. கோழிப் பண்ணையாளர் நலச் சங்கத் தலைவர் முத்துவேலப்பன், வெள்ளைச் சட்டையில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, கேஸ் சிலிண்டருங்கறது வேற. இப்ப வந்திருக்கறது கலைங்க" என்றார் பொங்கியண்ணனிடம். "இத்தனை பெரிய சமாச்சாரம் ஒரு சமையக்கட்டுக்குள்ள இருக்கறது நல்லால்லை. சங்கத்துக் கட்டடத்துல ஏசி போட்டு ஒரு ரூம் ரெடி பண்ணியிருக்கறோம். சிங்காரிக்குத் தனி ஆள், தனித் தீவனம், ஸ்பீக்கர்ல நாதஸ்வரம். ஊருக்கே பேரு வருமுங்க. நீங்க சம்மதிக்கோணும்."

பேசிக்கொண்டே அவர் சிங்காரியைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

பொங்கியண்ணன் தயங்கினார். இப்படிப்பட்ட காரியத்தை வீட்டுக்காரியைக் கேட்காமல் அவர் முடிவு செய்ததில்லை. கேட்பதென்றால் சிங்காரியிடம்தான் சொல்ல வேண்டும். சிங்காரியோ தலைவர் கையில் இருந்தது. "சிங்காரியக் கேட்டுச் சொல்றனுங்க" என்றார் அவர். அதைத் தலைவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பூவாயி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரைக்கும் வந்தது. யாரிடம் சொல்வது என்று தேடுவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

சிங்காரி போன வீடு எப்படி ஆனது என்றால், மோட்டாரை அவர் போட்டிருப்பார் என்று அவளும் அவள் போட்டிருப்பாள் என்று அவரும் இருந்து, பண்ணையில் தொட்டி வறண்டது. அடுத்த நாள் இருவருமே ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து போட்டு, அணைப்பதை அடுத்தவரிடம் விட்டு, களம் குளமாகி முருங்கை மரம் சாய்ந்தது. கறிவேப்பிலை இல்லையென்று இருவரும் தனித்தனியே வாங்கிவந்து வீடு முழுக்கக் கறிவேப்பிலை ஆனது. தீவனத்துக்கு யாரும் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல ஆளில்லாமல் பொங்கியண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றார். உப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். அதை அவர் சொல்லாததுதான் அவளை உறுத்தியது. இரண்டு பேரும் அடிக்கடி அடுப்பு மேடைக்குக் கீழே பார்ப்பார்கள். ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்த்துவிட்டால் அங்கே எதையோ தேடுவதுபோல் பாவனை செய்வார்கள்.

சித்திரையில் வெயில் தகரத்தைப் பிளந்தது. ஒருநாள் உச்சிப் பொழுதில் பூவாயி பண்ணைப் பக்கம் போனபோது மின்விசிறிகள் நின்றிருந்தன, கூரைமேல் தண்ணீர் தெளிக்கும் குழாய்களும் நின்றிருந்தன. கரண்டு போய்விட்டது. கூண்டு கூண்டாக, வரிசை வரிசையாக, கோழிகள் இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து இரைத்தன. முதல் வரிசையில் ஒன்று தலை தொங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பண்ணை முழுக்கச் சாய்ந்துவிடும்.

அவள் ஓடினாள். பொங்கியண்ணன் வேப்பமரத்தடிக் கட்டிலில் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பழக்க தோஷத்தில் இடுப்பளவுக்குக் கீழே, தரையில், இரண்டு பக்கமும் பார்த்தாள். அங்கே வெயிலும் வேப்பம்பழமும்தான் கிடந்தன. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"ஏனுங்க" என்றாள். தன் குரலே தனக்குப் புதிதாகக் கேட்டது. "ஏனுங்க, எந்திரிங்க. கரண்டு போயிருச்சு. கோழியெல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்க."

துண்டுக்குள்ளிருந்து பொங்கியண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறவர்போல் தொண்டையைக் கனைத்தார்.

"ஜெனரேட்டர் சாவி எங்க?" என்றார்.

"உங்க சட்டைப் பையில."

"எந்தச் சட்டை?"

"போட்டிருக்கற சட்டைங்க."

ஜெனரேட்டர் மூன்று முறை இருமிவிட்டு நின்றது. பிறகு இரண்டு பேரும் செய்ததையெல்லாம் வாயால் செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சாக்கை நனை, அந்தப் பக்கம் கட்டு, ஓஸை இழு, அங்கே இல்லை இங்கே, மேல ஏறாதீங்க தகடு சுடும், ஏணியைப் பிடி, பிடிச்சிருக்கறனுங்க, இன்னொரு குடம், அது போதாது, வாளியை எங்க வெச்சே, வெச்ச இடத்துலதான் இருக்குது. நடுவில் இருந்த ஆள் போய்விட்டால் வாக்கியம் எத்தனை சின்னதாகிவிடுகிறது என்பதை யோசிக்க இருவருக்கும் நேரமில்லை. வெயில் சாய்ந்து கரண்டு வந்து விசிறிகள் சுற்ற ஆரம்பித்தபோது, செத்தது போக மிச்சமெல்லாம் பிழைத்துக்கொண்டன. அவர்கள் இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை நனைந்து, பண்ணை வாசல் கல்லில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

ஈரக் கூந்தலை ஒதுக்கிக்கொண்டே பூவாயி கேட்டாள். "எம் புடரியில மச்சம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"கோழிகிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் வேட்டியைப் பிழிந்தார். "கண்ணு மங்குது அவளுக்கு, அரிசியக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோய்ப் பாக்கறா, கண்ணாடி மாத்தோணும்னு சொல்லச் சொன்னேன். பொறவு..."

"பொறவு?"

"பொறவு அங்க உக்காந்திருக்கறப்ப பாக்க நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். அதைச் சொல்லச் சொல்லலை. சும்மா சொன்னேன்."

பூவாயி முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக உள்ளே கிடந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தாள். "சம்பந்தி வீட்டாளுங்க முன்னால, அவளுக்கென்ன தெரியும்னு சொன்னீங்களே."

"நானா?"

"பந்தியில. சாப்பாட்டு ஏற்பாடெல்லாம் அம்மணிக்குத் தெரியுமான்னு அவங்க கேட்டாங்க."

பொங்கியண்ணன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது, வாழை இலை ஞாபகம் வந்தது, வாயில் இருந்த ஜிலேபிகூட ஞாபகம் வந்தது. "அடியே, அவளுக்கென்ன, தெரியும்னு சொன்னேன். அவளுக்கு என்ன குறைச்சல், எல்லாந் தெரியும்னு அர்த்தம். வாயில ஜிலேபி இருந்துச்சு, நடுவுல நிறுத்த முடியலை."

அவள் அவரையே பார்த்தாள். இது நிஜமாக நடந்ததா, இல்லை இப்போதுதான் கண்டுபிடித்தாரா என்று முகத்தில் தேடினாள். முகம் நனைந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. நிஜமோ பொய்யோ, நல்ல பதில் என்று அவளுக்குத் தோன்றியது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்லோ" என்றாள்.

"நீ கேக்கவே இல்லையே."

அதற்கு அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பதில் மறுநாள் காலை காப்பி வரைக்கும் போயிற்று.

இதற்கிடையில் சங்கத்துக் கட்டடத்தில் சிங்காரி ஏசி அறையில், நாதஸ்வரத்துக்கு நடுவில், ஒரு முட்டையும் இடாமல் உட்கார்ந்திருந்தது. பாதாம் போட்டார்கள், தங்க பஸ்பம் கலந்து போட்டார்கள். முத்துவேலப்பன் தன் மனைவியைக் கூட்டிவந்து சிங்காரி எதிரில் உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் சொன்னார். அந்த அம்மாள் பேசாமல் இருந்ததில் அடைந்த நிம்மதியில் அப்படியே தூங்கிவிட்டாள். கடைசியில் கோழி மெலிந்து போகிறதே என்று பயந்து, ஒருநாள் காரிலேயே கொண்டுவந்து பொங்கியண்ணன் வீட்டில் இறக்கிவிட்டார்கள். சிங்காரி நேராக அடுப்பு மேடைக்குக் கீழே போனது. மேலே இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். தலையை ஒருபுறமும் மறுபுறமும் சாய்த்துக் கேட்டது. யாரும் அதனிடம் எதையும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு முட்டை இட்டது. வெள்ளை முட்டை, அட்டைக் குழியில் சரியாக உட்கார்ந்தது.

ஊருக்கு விஷயம் புரிந்தபோது, தலைவரும் டாக்டரும் இன்னும் நாலைந்து பெரியவர்களும் பழத்தட்டோடு வந்தார்கள்.

"அண்ணி, நாங்க கேக்கறதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார் முத்துவேலப்பன். "நீங்க ரெண்டு பேரும் ராசியானதுல ஊருக்கே சந்தோசமுங்க. ஆனா ஊரு நல்லதையும் பாக்கோணுமல்லோ. முழுசா வேண்டாம். காலையில மட்டும், ஒரு பத்து மணி வரைக்கும், பேசாம இருந்தீங்கன்னா."

"அட, இருந்துட்டுப் போறோம்" என்றார் பொங்கியண்ணன். ஊர் கேட்டு அவர் இல்லையென்று சொன்னதில்லை.

மறுநாள் இருந்து பார்த்தார்கள். விடிந்ததிலிருந்து பூவாயி உதட்டை இறுக்கிக்கொண்டு, "சிங்காரி, அந்த மனுஷனைக் குளிக்கச் சொல்லு" என்றாள். சொன்னவளுக்கே சிரிப்பு வந்தது, கேட்டவருக்கும் வந்தது. சிங்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய் மண்ணைக் கிளறியது. அன்றைக்கும் வெள்ளை முட்டைதான். ஊர் விடவில்லை. அவர்கள் இல்லையென்றால் நாங்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு கோழியை வாங்கி அடுப்படியில் விட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்தினார்கள். எருக்காம்பட்டி கொஞ்ச நாள் கோயில் போல அமைதியாக இருந்தது. ஒரு வீட்டிலும் ஒரு வைர முட்டையும் வரவில்லை. சில வீடுகளில் அந்த அமைதி பிடித்துப்போய் அப்படியே தொடர்ந்தார்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றிருந்த வீடுகளில் கோழியைக் குழம்பு வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

ஆனி மாதத்தில் சென்னையிலிருந்து மியூசியக்காரர்கள் வந்தார்கள். முட்டைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எல்லோரும் பார்க்கும்படி செய்வதற்காக வாங்கிப்போக வந்தவர்கள். ஒல்லியாக ஒரு பெண் அதிகாரி, சுகந்தி என்று பெயர், ஒவ்வொரு முட்டையையும் திறந்து, கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே என்ன எழுதுவது என்று இருவரையும் கேட்டாள். அது எளிய வேலையாக இல்லை. அது கிணற்று மோட்டார் என்றாள் பூவாயி, இல்லை போர்வெல் மோட்டார் என்றார் அவர். பஞ்சரானது பின்சக்கரமா முன்சக்கரமா என்று, முட்டைக்குள் கண்ணெதிரே தெரிந்தும், அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எழுதவந்தவள் பேனாவை மூடிவிட்டு, அவர்கள் முடிக்கட்டும் என்று மோர் குடித்தாள்.

கடைசியில் தாழம்பூ நிற முட்டை. சுகந்தி அதைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையில் எடுக்கவும் தோன்றாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருங்க?" என்று கேட்டாள்.

பொங்கியண்ணன் பூவாயியைப் பார்த்தார். பூவாயி புதுக் கண்ணாடி வழியாகக் கொடியில் காய்கிற துணியைப் பார்த்தாள். "யாரோ ராணிங்க" என்றாள்.

"ராணியா?"

"ஆமாங்க, ராணிதான்" என்றார் பொங்கியண்ணன்.

சுகந்திக்குச் சந்தேகம் தீரவில்லை. "ராணின்னா எதுக்குங்க அரிசியில கல்லுப் பொறுக்கறாங்க?"

"ஏன், ராணிங்க சோறு திங்கமாட்டாங்களா?" என்றாள் பூவாயி. எழுந்து வந்து முட்டையை மெல்ல மூடி, அவள் முன்னாலிருந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். "மத்ததெல்லாம் எடுத்துட்டுப் போங்க கண்ணு. ஊரு பாக்கட்டும். இது குடுக்கறதுக்கில்லை."

"ஏனுங்க?"

"இது எனக்கு வந்ததுங்க" என்றாள் பூவாயி. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி, அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள். அங்கிருந்தே, உப்பு டப்பாவைக் காணோம், எங்கே வைத்தீர்கள் என்று அவரைக் கேட்டாள், அவரும் இங்கிருந்தே பதில் சொன்னார்.